8.5 லட்சத்துக்குப் பழைய எக்ஸ்யூவி500: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு. போடியில் சொந்த ஊர், மாதம் இரண்டு தடவையாவது போய் வரவேண்டும். அப்புறம் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி. வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓடும், அதில் பாதி ஊருக்குள்தான். 2019 மாடல் மகிந்திரா எக்ஸ்யூவி500 ஒன்று வந்திருக்கிறது. டீசல், மேனுவல் கியர், ஒரே ஓனர், 78,000 கி.மீ., 8.5 லட்சம் சொல்கிறார்கள். கையில் 4 லட்சம் இருக்கிறது, மீதி கடன். பழைய பெரிய வண்டி சம்பளத்தைத் தின்றுவிடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உங்கள் கருத்து வேண்டும்.

நெடுஞ்சாலை:
எடுங்கள் நண்பரே. ஆறு பேர் உட்கார வேண்டும் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிட்டது. இதே பணத்துக்குப் புது எஸ்யூவி என்று போனால் ஐந்து இருக்கை வண்டிதான் கிடைக்கும். அம்மா அப்பாவை பஸ்ஸில் அனுப்பப் போகிறீர்களா?

புது ஏழு இருக்கை எஸ்யூவியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், வரியையும் பாருங்கள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி ஏறியது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். 15 லட்சம் வண்டிக்கு வரி மட்டும் 2.7 லட்சம். நீங்கள் பார்க்கிற வண்டிக்கு அந்த வரியை முதல் ஓனர் எப்போதோ கட்டிவிட்டார். ஷோரூமை விட்டு வெளியே வந்த முதல் சில வருடங்களில் விழுகிற மதிப்பும் அவர் தலையில்தான் விழுந்தது.

2018இல் மாற்றி வந்த பிறகு இந்த 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சினுக்கு 155 குதிரைத்திறன். ஸ்கார்பியோவில் ஓடிய அதே எஞ்சின் குடும்பம் என்பதால் தேனியில் நின்றாலும் கை வைக்க ஆள் இருப்பார். ஆறு பேரோடும் சாமான்களோடும் போடிமெட்டு ஏறுகிறபோது அந்த இழுவையின் அருமை தெரியும்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. 8.5 லட்சம் என்பது நுழைவுச் சீட்டின் விலைதான், அதற்குப் பிறகு வரும் செலவை நெடுஞ்சாலை சொல்லவே இல்லை.

78,000 கி.மீ.யில் ஒருவர் ஏன் விற்கிறார் என்று யோசியுங்கள். 80,000 முதல் ஒரு லட்சம் கி.மீ.க்குள்தான் பெரிய செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் டிஸ்க், பேட்டரி எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மாற்ற வேண்டி வரும். முதல் ஓனர் நல்ல காலத்தை ஓட்டிவிட்டு, செலவு காலத்தை உங்களிடம் கொடுக்கிறார். 17 அங்குல டயர் ஒன்றே பத்தாயிரத்தை ஒட்டி வரும்.

இன்சூரன்ஸ்: 1500 சிசிக்கு மேல் போனால் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 1500 சிசிக்குள் இருந்தால் 3,416. விற்பவர் சேர்த்து வைத்திருக்கும் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது. இத்தனை வயதான வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் பார்ட் விலை தரும் பாலிசி) கொடுக்கப் பல கம்பெனிகள் தயங்கும்.

கடன்: பழைய காருக்கு வட்டி அதிகம். 4.5 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு 13 சதவீதத்தில் வாங்கினால் வட்டியே சுமார் 1.64 லட்சம். புது காருக்கு 9 சதவீதத்தில் அதே தொகை என்றால் 1.10 லட்சம்.

என் யோசனை: ஏழு இருக்கை எர்டிகா பெட்ரோல், புதுசு. மாருதி 2024 ஜூலையிலிருந்து 3 வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. வாரண்டி கொடுக்கிறது. மூன்று வருடம் நிம்மதி. அது எஸ்யூவி இல்லைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஆறு இருக்கை, பானெட்டின் உயரம் இல்லையே.

நெடுஞ்சாலை:
நீங்கள் போட்ட கணக்கையே முழுசாகப் போடுவோம்.

எரிபொருள் முதலில். எக்ஸ்யூவி500 ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து லிட்டருக்கு 13 கி.மீ. கொடுக்கும் என்று வைத்தால் 12,000 கி.மீ.க்கு 923 லிட்டர். டீசல் 92.50 என்றால் 85,400 ரூபாய். எர்டிகா பெட்ரோல் ஆறு பேரோடு, ஏசியோடு 15 கொடுத்தால் 800 லிட்டர். 101 ரூபாய் பெட்ரோலில் 80,800. வருடத்துக்கு வித்தியாசம் ஐயாயிரம்கூட இல்லை.

அப்புறம் கடன். எர்டிகாவின் நடுத்தர வேரியண்ட் ஆன்ரோடு 11 லட்சத்தைத் தாண்டும். 11.5 என்றால் வைகைக்கரை வாங்க வேண்டிய கடன் 4.5 லட்சம் இல்லை, 7.5 லட்சம். 9 சதவீதத்திலேயே வட்டி 1.84 லட்சம் வருகிறது. குறைந்த வட்டி விகிதம் என்கிறீர்கள், கட்டுகிற வட்டி கூடுதலாகத்தானே இருக்கிறது?

மிச்சமாகும் மூன்று லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை ரிப்பேருக்கென்று வங்கியில் தனியாகப் போட்டு வைக்கட்டும். கிளட்ச், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் மாற்றினாலும் அதில் மிஞ்சும்.

அடையாறு:
மிஞ்சும் என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டில் ஒரு பழைய டீசல் எஸ்யூவி இருந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்சார், வயரிங், ஏசி என்று மாற்றி மாற்றி வந்தது. பில்லைவிட என்னைச் சோர வைத்தது காத்திருப்பு. பார்ட் வரவில்லை என்று வண்டி சர்வீஸ் சென்டரில் கிடக்கும், நாங்கள் ஆட்டோவிலும் வாடகைக் காரிலும் அலைவோம். அந்தச் செலவை யாருமே கணக்கில் எழுதுவதில்லை. வயதானவர்களை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வீட்டில் ஒரே கார் இரண்டு வாரம் நின்றால் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. அந்த வண்டி சென்னையிலிருந்து வந்ததா என்று பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூருக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், துணியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மண், கார்பெட்டைத் தூக்கினால் வாடை. மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் இவை அவ்வளவு சுலபத்தில் போகாது.

பட்டறைக்காரன் (கோவை):
இரண்டு பக்கமும் மாடலின் பெயரை வைத்தே வாதம் செய்கிறீர்கள். எங்கள் பட்டறைக்கு ஒரே வருடம், ஒரே மாடல் வண்டி இரண்டு வரும். ஒன்று தங்கமாக இருக்கும், இன்னொன்றைத் தொடவே மனசு வராது. முந்தைய ஓனர் ஆயிலை எப்போது மாற்றினார், டர்போ வண்டியை எப்படி ஓட்டினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வைகைக்கரை தம்பி, பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடான டீசல் எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சில நொடியில் போய்விட்டால் கவலை இல்லை, நின்று வந்தால் இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கருப்பாகக் கொட்டினால் ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), டர்போ குழாய், இன்ஜெக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகக் காற்று வரும். புகை பொங்கி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த வண்டியே வேண்டாம்.

கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறதா என்று கவனியுங்கள், அப்படியென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைக்கிற அந்த நொடியில் கடகடவென்று இரும்புச் சத்தம் வந்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீலை (எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் சக்கரம்) சந்தேகப்படுங்கள். கிளட்ச்சோடு சேர்த்து அதையும் மாற்றினால் செலவு அரை லட்சத்தைத் தொடலாம். கரடுமுரடான சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் போயிருந்தால் டக் டக் என்று கேட்கும். அது பெரிய செலவில்லை, ஆனால் விலையைக் குறைக்கப் பயன்படும்.

மீட்டரை நம்பாதீர்கள். பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம், ஸ்டியரிங் தோல் இவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1819 என்றால் 2019இன் 18ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியின் இலக்கத்தையும் ஓடுகிற டயர்களின் இலக்கத்தையும் ஒப்பிட்டால் எத்தனை செட் மாறியது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

இந்த வண்டியில் நல்லது ஒன்று உண்டு. பழைய புகை விதியான பிஎஸ்4, அதனால் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசலைப் பழையதாக வாங்கி, பாதி ஓட்டம் ஊருக்குள் என்றால் அந்த வடிகட்டியில் கரி அடைக்கும். நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் உள்ளே சூடு ஏறிக் கரி எரியும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கி.மீ. ஓட்டத்தில் அது நடக்காது.

கணக்குப்பிள்ளை:
பட்டறைக்காரன் அண்ணே, நீங்கள் சொன்ன சோதனைகளை எத்தனை பேரால் செய்ய முடியும்? வைகைக்கரை மெக்கானிக் இல்லை, குடும்பஸ்தர். இவ்வளவு பார்த்தும் மறைந்திருக்கும் குறை இருக்கும். மாடலே 2021இல் நின்றுவிட்டது. இன்று ஹெட்லேம்ப் கிடைக்கும், ஐந்து வருடம் கழித்துக் கிடைக்குமா? மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அவர்களுடைய எண்டெவர் எஸ்யூவி வைத்திருந்தவர்கள் பட்ட கவலையை நினைத்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலை எரிபொருள், வட்டி இரண்டையும் சரியாகத்தான் போட்டிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் விற்கும் நாளைப் போடவில்லை. ஐந்து வருடம் கழித்து இது பன்னிரண்டு வருட டீசல் வண்டி. எர்டிகாவை அன்றைக்குக் கேட்டு வாங்க ஆள் இருப்பார்கள்.

நெடுஞ்சாலை:
ஃபோர்டு கார் விற்பதையே இங்கே நிறுத்தியது. மகிந்திரா நிறுத்தியது ஒரு மாடலை மட்டும், கம்பெனி இங்கேயே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. விற்கும் விலையில் அடி விழும் என்பது சரி, அதை ஏற்கிறேன். ஆனால் 11.5 லட்சம் போட்டவருக்கும் மதிப்பு விழத்தான் செய்யும்.

கம்பம் பள்ளத்தாக்கு:
நடுவில் ஒரு கேள்வி. டெல்லி வண்டி இதே மாடல் ஒன்றரை லட்சம் குறைவாகக் கிடைக்கிறதே?

பட்டறைக்காரன் (கோவை):
அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தப் பயத்தில்தான் விலை குறைந்தது. இங்கே கொண்டு வந்தால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, வண்டியின் வயதுக்கு ஏற்றபடி நம் ஊர் வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். அலைச்சலையும் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது. சர்வீஸ் பதிவை நேரில் போய்ச் சரிபார்க்கவும் வழியில்லை.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. விற்பவரையும் அழைத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். 2022 வரை, 51,000 கி.மீ. வரை ஒரு சர்வீஸ்கூட விடாமல் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வெளியே ஒரு பட்டறையில் செய்ததாகச் சொல்லிச் சில ஆயில் பில்களைக் காட்டினார். நான்கு டயரும் 2023, ஸ்டெப்னி 2019. குளிர்ந்த எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. கிளட்ச் மேலேதான் பிடிக்கிறது. தண்ணீர் ஏறிய அடையாளம் எங்கும் இல்லை.

நெடுஞ்சாலை:
கிளட்ச் செலவைக் காட்டி 7.5க்குக் கேளுங்கள். கொடுத்தால் எடுத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
2022க்குப் பின் இருக்கும் இடைவெளியைச் சும்மா விட முடியாது. இதே மாடல்தான் வேண்டும் என்றால், பதிவு முழுசாக இருக்கும் வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பட்டறைக்காரன் (கோவை):
முதல் மூன்று வருடத்தில் 51,000 ஓடிய வண்டி, அதற்குப் பின் இத்தனை வருடத்தில் 27,000தான் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்த்திருந்தால் நடக்கக்கூடியதுதான். ஆனால் கேட்டுவிடுவது நல்லது. அவருடைய ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எத்தனை சுங்கச்சாவடி எத்தனை தடவை தாண்டினார் என்று தேதியோடு இருக்கும். மாதம் பத்து தடவை கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியிருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது.

வைகைக்கரை:
அறிக்கை கேட்டிருக்கிறேன், இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார். அது ஒத்துப்போனால் 7.6 வரை பேசுவேன். தரவில்லை என்றால் திண்டுக்கல்லில் 2018 மாடல் ஒன்று இருக்கிறது, 92,000 கி.மீ., எல்லா சர்வீஸும் ஒரே இடத்தில், 8 லட்சம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய்ப் பார்க்கிறேன். வண்டியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை அவர் கொண்டு வருவார்.

கணக்குப்பிள்ளை:
திண்டுக்கல் வண்டிக்குக் கடன் பாக்கி இருந்ததா என்று ஆர்சியில் பாருங்கள். இருந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் ஆர்சியில் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35ம் கையில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். ரிப்பேருக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கச் சொன்னாரே நெடுஞ்சாலை, அதை மட்டும் தொடாதீர்கள்.