மறு: டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்டுக்கு தமிழ்ச்சொல்

எல்லாருக்கும் வணக்கம்,

டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட், சுருக்கமா டிடிடி, கோடு எழுதுறதுக்கு முன்னாடியே அதைச் சரிபாக்குற டெஸ்டை எழுதுற முறை. இதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கறதுதான் கேள்வி. இதுவரைக்கும் வந்த சொற்கள்ல ‘சோதனை உந்து மேம்பாடு’க்குதான் ஆதரவு அதிகமா தெரியுது, ஆனா எனக்கு அதுல ‘உந்து’வும் உறுத்துது ‘மேம்பாடு’ம் உறுத்துது. உந்துறதுன்னா பின்னாடி இருந்து தள்ளுறது. டிடிடில டெஸ்ட் முன்னாடில்ல போகுது? அதனால நான் சொல்றது ‘சோதனைவழி உருவாக்கம்’.

லீப் வருஷமான்னு பாக்குற சின்ன ஃபங்ஷனையே எடுத்துக்குங்க. ஃபங்ஷனே இல்லாதப்போ, 2024 குடுத்தா ‘ஆமா’ன்னு வரணும்னு டெஸ்ட் எழுதுறோம், ரன் பண்ணா சிவப்பு, அதாவது டெஸ்ட் ஃபெயில். எதைக் குடுத்தாலும் ‘ஆமா’ன்னு சொல்ற ஒரே வரி எழுதுனா பச்சை, அதாவது பாஸ். அடுத்து 2023க்கு ‘இல்ல’ன்னு வரணும், திரும்ப சிவப்பு, இப்பதான் நாலால வகுக்குற வரியே உள்ள வருது. அப்புறம் 1900, நாலால வகுபடும் ஆனா லீப் வருஷம் இல்ல, அதுக்காக நூறால வகுபட்டா ‘இல்ல’ங்கற வரி வருது, கடைசில 2000க்காக நானூறால வகுபட்டா ‘ஆமா’ங்கற வரி. டெஸ்ட் கேக்காம ஒரு வரிகூட உள்ள வரல பாருங்க.

அதான் ‘உந்து’வுக்கு பதிலா ‘வழி’ன்னு சொல்றேன். தமிழ்வழிக் கல்வின்னா தமிழ் மூலமா கத்துக்குறது, ‘அவர் வழி வந்தவங்க’ன்னா அவருக்குப் பின்னாடி வந்தவங்க, நமக்கு இந்த ரெண்டு அர்த்தமும் வேணும்.

இன்னொரு யோசனையான ‘முன்சோதனை’ அழகான சொல்தான், ஆனா டிடிடியைப் பரவலாக்குன கென்ட் பெக், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்ங்கற மென்பொருள் உருவாக்குற முறைல சொல்ற டெஸ்ட் ஃபர்ஸ்ட் புரோகிராமிங்குக்கு அதை வச்சுக்கலாம், முன்னாடி எழுதுறதை மட்டும்தான் அது சொல்லுது.

‘மேம்பாடு’ன்னா ஏற்கனவே இருக்குறதை நல்லா பண்றது. இங்க ஒண்ணுமே இல்லாம ஆரம்பிக்குறோம், அதனால ‘உருவாக்கம்’. இதுல நான் பிடிவாதமா இருக்கறதுக்கு காரணம் இருக்கு. நான் இருந்த ஒரு அஜைல் டீம்ல (வேலையைச் சின்னச் சின்ன சுற்றா பிரிச்சு செய்யுற முறை, ஒவ்வொரு சுற்றும் ஒரு ஸ்பிரிண்ட்) பேர்ல டெஸ்ட்னு இருக்கறதைப் பாத்துட்டு இது டெஸ்டருங்க வேலைன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, ரெண்டு வார ஸ்பிரிண்ட்ல எட்டு நாள் கோடு எழுதி முடிச்சு கடைசி ரெண்டு நாள்ல டெஸ்ட் எழுதுனோம், அதுவும் கோடு என்ன விடை தருதோ அதையே காப்பி பண்ணி டெஸ்ட்ல ஒட்டிட்டு சரின்னுட்டோம். வட்டிக் கணக்குல பைசாவை ரவுண்ட் பண்றதுல ஒரு தப்பு, டெஸ்டும் அதே தப்பான தொகையை எதிர்பாத்ததால மூணு ஸ்பிரிண்ட் பச்சையாவே இருந்துச்சு. இது கோடு எழுதுறவங்க வேலைன்னு பேர்லயே தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும்.

‘சோதனைவழி உருவாக்கம்’. வினையாவும் நல்லா வருது: “இந்த மாட்யூலை சோதனைவழி உருவாக்குனோம்.” ‘சோதனை உந்து மேம்பாடு’ல இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க, வாய்ல நுழையாது.

‘சோதனை’ன்னா கஷ்டகாலம்னு ஒரு அர்த்தம் இருக்கேன்னு கேட்டிருந்தாங்க. ரத்தச் சோதனைன்னு தினம் சொல்றோம், யாரும் குழம்புறதில்ல.

டெஸ்ட் பச்சையானதும் கோடைச் சீராக்குற ரீஃபாக்டரிங்குக்கு ‘மறுசீரமைப்பு’ன்னு தற்காலிகமா வச்சிருக்கேன். நடத்தை மாறாம உள்ளமைப்பு மட்டும் மாறுதுங்கறது அதுல வரல, வேற யாருக்காவது சொல் தோணுதா?