கடையில் வாங்கிய குடைமிளகாய் விதையைப் போடலாமா?

மாடிச்செடி (சேலம்):
குருமாவுக்குக் குடைமிளகாய் நறுக்கும்போது விதையை வீணாக்க மனசு வரவில்லை. பச்சையில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். பரமக்குடி அத்தை கொடுத்தனுப்பிய முண்டு மிளகாய்ப் பழமும் இருக்கிறது. மூன்றையும் போடலாமா? காய வைத்துத்தான் போட வேண்டுமா? மொட்டைமாடிதான், நல்ல வெயில்.

கரிசல்காட்டுக்காரி:
பச்சையில் எடுத்ததை உரக்குழியில் போடுங்கள். அது பெரும்பாலும் முற்றாத காய், விதையும் பிஞ்சு. தப்பித்தவறி முளைத்தாலும் நோஞ்சானாக நிற்கும்.

சிவப்பு முளைக்கும். ஆனால் சந்தைக்கு வருவது பெரும்பாலும் பசுமைக்குடிலில் விளைந்த வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. ஒரு செடி சின்னதாகக் காய்க்கும், இன்னொன்று மெல்லிய தோலோடு காய்க்கும். போதாததற்கு, பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும். ஆசைக்கு ரெண்டு தொட்டி போதும். ஆவணியில் நாற்று விட்டால் காய்க்கிற நேரம் குளிர்காலமாக இருக்கும்.

மிச்ச இடத்தை முண்டுக்குக் கொடுங்கள். (2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஜில்லா மிளகாய், கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்யும்.) நாட்டு ரகம் என்பதால் அதே உருண்டைக் காய் வரும். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் தேனீ கலந்துவிடும். விதைக்கு விடும் கிளையில் பூ விரியும் முன்பே வலைத்துணிப் பை கட்டுங்கள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், கிளையை லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

நன்றாகச் சிவந்து தோல் சுருங்கத் தொடங்கிய பழமாகப் பார்த்துக் கீறி, விதையை உதிர்த்துத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வளைத்தால் ஒடிய வேண்டும், அதுதான் பதம். உடனே போடுவதானால் காய வைக்க வேண்டியதில்லை. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முளைத்ததும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஈரம் தேங்கினால்தான் தண்டு அடியில் அழுகி நாற்று சாய்கிறது. 35–40 நாளில் பிடுங்கி நடலாம்.

வெங்காயத்தாள்:
முண்டில் விதை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்பு. வெறும் தண்ணீருக்கு அது அசையாது.

மாடிச்செடி (சேலம்):
நன்றி அக்கா. பழம் போதவில்லை என்றால் வீட்டில் இருக்கும் முண்டு வற்றலில் இருந்து எடுக்கலாமா?

கரிசல்காட்டுக்காரி:
வெயிலில் காய்ந்த, இந்த வருஷத்து வற்றல் என்றால் தாராளமாக. வறுத்தது கூடாது. சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஆறேழு முளை விட்டால் மீதியைத் தொட்டியில் போடுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அத்தைக்குப் போன் போட்டு இன்னும் நாலு பழம் கேளுங்கள்.