புதுப்பிப்பு: ஏழாவது வாரத்தில் எடை இறங்கியது

நான்கு மாதங்களில் 9 கிலோ குறைந்த பிறகு, ஐந்து வாரமாக எடை 84.2-இலேயே நிற்கிறது, சாப்பாட்டை இன்னும் குறைக்கலாமா என்று புரட்டாசி தொடக்கத்தில் இங்கே கேட்டிருந்தேன். அவசரப்படாமல் பொறுத்திருக்கச் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை தராசு 83.1 காட்டியது.

உடல் சிறுத்தால் அது செலவிடும் ஆற்றலும் குறைவதால், தொடக்கத்தில் எடையைக் குறைத்த அதே உணவு பின்னர் எடையை நிலைநிறுத்தும் அளவாகிவிடுகிறது என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அதோடு, ஒரு கரண்டி என்று நான் குறித்துவந்த எண்ணெயை நிறுத்துப் பார்த்தபோது 25 கிராம் இருந்தது. அதுவே ஏறத்தாழ 225 கலோரி. டர்பனில் நம் வீடுகளில் புரட்டாசி முழுவதும் இறைச்சி கிடையாது என்றாலும், பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஞாயிறன்று அக்கா வீட்டு மாங்காய் ஊறுகாயைச் சாப்பிட்டால், உப்பினால் தேங்கும் நீர் மறுநாள் எடையில் தெரிகிறது. ஆகவே தினசரி எண்ணை விட்டு வாரச் சராசரியையே பார்க்கிறேன்.

எடை அசையாத அந்த வாரங்களிலும் இடுப்பளவு 2 செ.மீ. குறைந்திருந்தது. அடுத்த அளவை ஐப்பசி முதல் ஞாயிறன்று எடுத்து எழுதுகிறேன்.