முதல் இணையத்தளம், முதல் தரகு: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தார் இணையக் குழுவில் பகிர்ந்த அனுபவங்கள்

பால்வெட்டுக்காரர் மகள்:

வேர்ட்பிரஸ் என்பது இணையத்தளம் அமைக்க உதவும் மென்பொருள்; அஃபிலியேட் இணைப்பு என்பது அதன் வழியாக வாசகர் பொருள் வாங்கினால் எழுதியவருக்குத் தரகு தரும் இணைப்பு. இனி நேரே விஷயத்துக்கு வருகிறேன். சமையல் சாதனங்களைப் பற்றித் தமிழில் ஒரு தளம் தொடங்கி ஏழு மாதங்களில் 31 கட்டுரைகள் எழுதினேன். பகலில் செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு வேலை, இரவில் பிள்ளைகள் உறங்கிய பின் எழுத்து வேலை. அத்தனை மாதங்களிலும் தளத்துக்கு வந்தவர்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவினர் மட்டுமே. அவர்களிலும் நாள்தோறும் வந்தவர் என் சின்னம்மா ஒருவர்தான்.

பொங்கலுக்கு ஈப்போவிலிருந்து வந்த அண்ணன் மகன் வீட்டு முன்புற அஞ்சடியில் உட்கார்ந்து என் மடிக்கணினியைத் திறந்தான். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய், அடியில் இருந்த ஒரு சிறு கட்டத்தின் மேல் விரலை வைத்தான். தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் கட்டம் அது. அதில் குறி இருந்தது. "அத்தை, இதை நீங்களேதான் போட்டீர்களா?" என்று கேட்டான். நான்தான் போட்டிருந்தேன். வேலை முடியாத வீட்டைப் பிறர் எட்டிப் பார்க்க வேண்டாமே என்று, தளத்தை நிறுவிய முதல் இரவிலேயே போட்டுவிட்டு மறந்துபோனேன். அந்த ஒரு குறி ஒவ்வொரு பக்கத்திலும் "என்னைச் சேர்க்காதே" என்ற கட்டளையை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனோ ஒன்றும் சொல்லாமல் குறியை எடுத்துவிட்டு முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பழைய லயம்:

உங்கள் தளத்தை யாரும் பார்க்கவில்லை என்று வருந்துகிறீர்கள். என் தளத்தை ஒருவர் பார்த்ததுதான் என் வருத்தம்.

மாவு அரைக்கும் கிரைண்டர்களை ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். எந்தக் கல் நன்றாக அரைக்கும், எந்தக் கொள்கலனைச் சாய்த்து மாவை ஊற்ற முடியும் என்றெல்லாம் என் தாயார் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டவை அவை. இணைப்பு மட்டும் அமெரிக்கக் கடையுடையது, ஏனெனில் அந்தத் திட்டத்தில்தான் எனக்கு முதலில் இடம் கிடைத்தது. கெடாவிலிருந்து ஓர் அம்மா அந்த இணைப்பின் வழியாக வாங்கி, கப்பல் செலவையும் கட்டி, வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார். எனக்கு எட்டு டாலருக்குச் சற்றுக் குறைவாகத் தரகு பதிவானது. என் முதல் தரகு என்பதால் அந்தத் திரையைப் படம் பிடித்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

மூன்று வாரங்களுக்குப் பின் அந்த அம்மா ஒரு நிழற்படம் அனுப்பினார். ஊறவைத்த உளுந்து பாதி அரைபட்ட நிலையில் அப்படியே கிடந்தது. கிரைண்டரின் அடிப்பாகம் கருகியிருந்தது. அது அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்ட 110 வோல்ட் இயந்திரம். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். மூன்று முள் செருகிக்கு மாற்றுத் தலை ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார், ஆனால் செருகியின் தலையை மாற்றினால் மின்னழுத்தம் மாறாது. 1,900 சொற்கள் எழுதிய நான் வோல்ட் என்ற ஒரு சொல்லை எழுதவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. "நீங்கள் தமிழில் எழுதியிருந்ததால் நம்பி வாங்கினேன், தம்பி" என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஈப்போ சாலைக்காரர்:

இருவரும் மன்னிக்க வேண்டும். முதலில் எழுதிய சகோதரி அந்தக் குறியின் மீது எல்லாப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குறியை எடுத்த மறுநாளே கூட்டம் வந்ததா? புதிய தளம் கூகுளின் கண்ணில் பட்டு, தேடலில் மேலே ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். தளங்களின் தேடல் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் சேவையில் தளத்தைப் பதிவு செய்திருந்தால், பக்கங்கள் விலக்கப்பட்டிருப்பதை அதுவே முதல் மாதத்தில் காட்டியிருக்கும். என் கதை சிறியது: முதல் ஆண்டு 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்த ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவையை, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க 240 வெள்ளி கேட்டார்கள், அட்டை விவரம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்ததால் கேட்காமலேயே எடுத்தும்கொண்டார்கள்.

ஆகவே புதிதாகத் தொடங்குவோர் முதல் ஆண்டு விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்க்க வேண்டும். திட்டத்தின் விதிகளையும் முழுதாகப் படிக்க வேண்டும். 1996இல் தொடங்கிய அமேசான் கடையின் தரகுத் திட்டமான அசோசியேட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: சேர்ந்த 180 நாள்களுக்குள் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், வாசகர் இணைப்பைச் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போடாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, சொந்த இணைப்பின் வழியாகத் தமக்கே வாங்கிக்கொள்வதும் கூடாது. தரகு விகிதமும் நிலையானதன்று. 2020 ஏப்ரலில் மரச்சாமான்களுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் இருந்த 8 விழுக்காடு ஒரே அறிவிப்பில் 3 விழுக்காடாகியது. ஆகவே ஒரே திட்டத்தை நம்பித் தளம் கட்டாதீர்கள், நம் நாட்டுக்கே பொருள் அனுப்பும் ஷோப்பி, லசாடா போன்றவற்றின் திட்டங்களையும் பாருங்கள். தரகு கிடைக்கும் இணைப்பு என்று கட்டுரையின் தலைப்பகுதியிலேயே வாசகருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அத்தகைய இணைப்புகளை அடையாளம் காட்ட "ஸ்பான்சர்ட்" என்னும் குறியீட்டைக் கூகுள் 2019இல் கொண்டுவந்தது, அதையும் இணைப்பின் நிரலில் சேர்த்துவிடுங்கள். வருமானம் வரத் தொடங்கினால் வருமான வரி வாரியத்துக்கு பாரம் பி (தொழில் வருமானத்துக்கான படிவம்) நிரப்ப வேண்டும், அதற்கான கெடு ஜூன் 30. இவற்றையெல்லாம் செய்த பிறகு குறியைப் பற்றிப் பேசலாம்.

மங்கும் கத்தியும்:

ஐயா, நீங்கள் சொன்னவை அனைத்தும் சரியாக இருக்கலாம், ஆனால் இங்கு யாரும் அவற்றைக் கேட்கவில்லை. அவர் ஏழு மாத இரவுகளைப் பற்றிச் சொல்கிறார், நீங்கள் பாரம் பி நிரப்பச் சொல்கிறீர்கள்.

என் தளத்தை டவுனில் இருந்த ஒரு கணினிக் கடைக்காரர் அமைத்துத் தந்தார். மீன்பிடித் தூண்டில்களைப் பற்றிய தளம். மாதத்துக்கு 40, 50 வெள்ளி வந்துகொண்டிருந்தது, அதில்தான் என் கைத்தொலைபேசிக் கட்டணம் ஓடியது. தளத்தின் பெயரை (டொமைனை) அவர் தம் மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்திருந்தது எனக்குத் தெரியாது. கடையை மூடிவிட்டு அவர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குப் போயின. டாட் காம் பெயர் காலாவதியானாலும் உடனே பறிபோவதில்லை; நீக்கப்பட்ட பின்னரும் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் தவணை உண்டு. எனக்கு விஷயம் தெரிய வந்தபோது அதுவும் கடந்திருந்தது.

தெரிய வந்த விதத்தைத்தான் மறக்க முடியவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மாமா, ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தவர், தம் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தூண்டில் விற்கிறேன் என்றாயே, இது என்ன?" என்றார். என் தளத்தின் பெயருக்குக் கீழே சூதாட்டச் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. கையில் வாழை இலையை வைத்துக்கொண்டு, டொமைன் பதிவு என்றால் என்னவென்று அந்த வரிசையில் நின்று அவருக்கு விளக்க முயன்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பால்வெட்டுக்காரர் மகள்:

ஈப்போ சாலைக்காரர் கேட்டதற்குப் பதில்: கூட்டம் வரவில்லை. குறியை எடுத்து ஐந்து வாரங்கள் கழித்துத் தேடலிலிருந்து முதல் ஆள் வந்தார். புதுக் குக்கரில் வரும் ரப்பர் வாடையை எப்படிப் போக்குவது என்று தேடி வந்திருக்கிறார். நான் எழுதிய 31 கட்டுரைகளில் தரகு இணைப்பு எதுவும் இல்லாத ஒரே கட்டுரை அதுதான்.

பழைய லயத்தாரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மாவின் கிரைண்டர் என்ன ஆயிற்று?

பழைய லயம்:

மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் கொடுத்து 230 வோல்ட்டுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டதாக எழுதினார். செலவில் பாதியையாவது நான் அனுப்புகிறேன் என்றேன்; வேண்டாம் என்றார். கட்டுரையின் முதல் வரியாக இப்போது வோல்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, "வோல்ட்" என்பதில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று அவரே திருத்தி அனுப்பினார்.