காலேஜ் ஃபுட்பால் 25, டைனஸ்டி: கடைசி மூன்று வரை வரும் மாணவர்கள் கைநழுவிப் போகிறார்கள், உதவி தேவை

கோல்டன்_ஃப்ளாஷ் (கேள்வி):

வணக்கம். பிளேஸ்டேஷன் 5-இல் ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25 என்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் ஆடி வருகிறேன். ஓர் அணியைப் பல சீசன்கள் நடத்தும் டைனஸ்டி முறையில் ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறேன். இப்போது இரண்டாவது சீசன் முடிந்து ஆஃப்சீசன் தொடங்கியிருக்கிறது. புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபன் மாணவராக ஆடிய கல்லூரி, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெயர்பெற்ற ஜூலியன் எடல்மன் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிபவராக) ஆடிய கல்லூரி என்பதால் இந்த அணி மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2024-இல் நிஜத்தில் ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்ற அணியை விளையாட்டிலாவது நிமிர்த்திக் காட்ட வேண்டும் என்ற ஆசையுடன்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

மைதானத்தில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. பள்ளி மாணவர்களை அணிக்கு இழுக்கும் ஆள்சேர்ப்பில்தான் தடுமாறுகிறேன். பட்டியலில் 35 பெயர்களையும் நிரப்பி, எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் அறிவித்து, வாராந்தர மணிநேரத்தை ஏறக்குறைய சமமாகப் பிரித்துக் கொடுக்கிறேன். பல மாணவர்களின் விருப்பப் பட்டியலில் நான் முதலிடத்திலோ இரண்டாமிடத்திலோ இருப்பேன். பட்டியல் மூன்று கல்லூரிகளாகச் சுருங்கிய பிறகு வேறொரு கல்லூரி இரண்டே வாரத்தில் என்னைத் தாண்டிச் சென்று ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறது. அணியில் ஏற்கெனவே இருக்கும் சிறந்த ஹாஃப்பேக்கும் (பந்தோடு ஓடுபவர்) இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்கு, அதாவது கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலுக்கு, போகப்போவதாகக் காட்டுகிறது. அவருக்கு எல்லா ஆட்டத்திலும் வாய்ப்புக் கொடுத்திருக்கிறேன். இது விளையாட்டின் பிழையா, என் அணுகுமுறையில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

ஹடில்:

பிழை இல்லை. அந்த ஹாஃப்பேக்கின் டீல்பிரேக்கர், அதாவது அவர் விட்டுக்கொடுக்காத நிபந்தனை, என்ன என்று பாருங்கள். அதற்கான உங்கள் கல்லூரியின் மதிப்பெண்ணையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். மாணவர்களிடம் நீங்கள் வைக்கும் பிட்ச் (கல்லூரியின் மூன்று அம்சங்களைச் சொல்லிக் கவரும் பேச்சு) எது என்பதையும் சொன்னால் பதில் சொல்வது எளிது.

கோல்டன்_ஃப்ளாஷ்:

உடனே கேட்டதற்கு நன்றி. ஹாஃப்பேக்கின் டீல்பிரேக்கர் தொழில்முறை வாய்ப்பு, அதாவது இந்தக் கல்லூரியிலிருந்து என்எஃப்எல் என்ற தொழில்முறைத் தொடருக்குப் போக முடியுமா என்பது. அதில் அவர் எதிர்பார்ப்பது சி. எங்கள் மதிப்பெண் டி.

பிட்ச் விஷயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒஹையோவைச் சேர்ந்த மூன்று நட்சத்திர ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஒருவர். தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்தேன். அவருக்குச் சாம்பியன்ஷிப் போட்டித்திறன் அடங்கிய பிட்சை ஹார்டு செல்லாக, அதாவது அதிக மணிநேரம் செலவாகும் அழுத்தமான வடிவில், வைத்தேன். அதில் உள்ள மூன்று அம்சங்களில் ஒன்றுக்கு மட்டும் அவர் விருப்பத்தோடு பொருந்துகிறது என்ற பச்சைக் குறி இருந்தது. மற்ற இரண்டில் ஒன்றுக்குச் சிவப்புக் குறி, ஒன்று இன்னும் தெரியவில்லை.

பழைய_பிளேபுக்:

கோல்டன்_ஃப்ளாஷ் அவர்களே, நீங்கள் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டிலேயே சிக்கல் முழுவதும் இருக்கிறது. ஆகவே அதை விரிவாகவே எழுதுகிறேன்.

டைனஸ்டியில் பயிற்சியாளரின் செல்வம் மணிநேரம்தான். கென்ட் ஸ்டேட் போன்ற சிறிய கல்லூரிக்குக் கிடைக்கும் மணிநேரம் பெரிய கல்லூரிகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதை 35 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் சமூக ஊடகத் தேடலுக்கான 5 மணியோ நேரடிச் செய்திக்கான 10 மணியோதான் மிஞ்சும். ஸ்காலர்ஷிப் அறிவிப்புக்கு மட்டும் ஒருவருக்கு 5 மணி. 35 பேருக்கு 175 மணி அங்கேயே போய்விட்டது. தொடக்கத்தில் நீங்கள் முன்னணியில் இருப்பதற்குக் காரணம், பெரிய கல்லூரிகள் அந்த மாணவரை அப்போது இரண்டாம் பட்சமாக வைத்திருப்பதே. தங்கள் முதல் விருப்பத்தினர் முடிவெடுத்தவுடன் அவை மீதமுள்ள மணிநேரத்தை உங்கள் மாணவர் பக்கம் திருப்பும். வாரத்துக்கு 50 மணி வைக்கும் எதிராளியின் முன் 10 மணி நிற்காது.

எனவே பட்டியலில் 35 பெயர் இருக்கட்டும். உழைப்பைப் பத்துப் பன்னிரண்டு பேர் மீது குவியுங்கள். தேர்வுக்கு என் அளவுகோல் இரண்டு: உங்கள் கல்லூரியின் பைப்லைன் (ஆள்சேர்ப்புத் தொடர்பு) வலுவாக உள்ள பகுதியைச் சேர்ந்தவரா, அவர் மதிக்கும் விஷயங்களில் உங்கள் மதிப்பெண் நன்றாக உள்ளதா. நட்சத்திர எண்ணிக்கையை மூன்றாவதாகப் பாருங்கள். ஸ்கவுட்டிங் செய்து (திறமையை ஆராய்ந்து) எதிர்பார்த்ததைவிட நல்லவர் என்ற பச்சை ரத்தினக் குறி வரும் இரண்டு நட்சத்திர மாணவர், எதிர்பார்த்ததைவிடக் குறைந்தவர் என்ற சிவப்புக் குறி வரும் மூன்று நட்சத்திர மாணவரைவிட உங்களுக்கு நிச்சயம் பயன்படுவார். அவரைத் தேடிப் பெரிய கல்லூரிகள் வருவதும் குறைவு.

அடுத்து பிட்ச். கல்லூரிக்கு 14 அம்சங்களில் மதிப்பெண் தரப்படுகிறது: விளையாடும் வாய்ப்பு, விளையாட்டுப் பாணி, வளாக வாழ்க்கை, மைதானச் சூழல், கல்வித் தரம், வீட்டுக்கு அருகாமை என்று நீள்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் அவற்றில் மூன்று முக்கியம்; அவையே அவருடைய உந்துதல்கள். அவை முதலில் மறைந்திருக்கும், நீங்கள் பேசப்பேச ஒவ்வொன்றாக வெளிப்படும். ஹார்டு செல்லுக்கு வாரம் 40 மணி, சாஃப்ட் செல்லுக்கு 20 மணி. நீங்கள் வைக்கும் பிட்சின் மூன்று அம்சங்களும் மாணவரின் மூன்றோடு பொருந்தி, அவற்றில் உங்கள் மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தால், 50 மணி செலவழித்து முழுப் படையையும் அனுப்பும் தேர்வைவிட 40 மணி ஹார்டு செல் அதிகப் பலன் தரும். ஒன்று மட்டும் பொருந்தினால் அதே 40 மணி வீண். உங்கள் ரிசீவரிடம் நடந்தது இதுதான்: ஒரு பொருத்தம், அதுவும் கென்ட் ஸ்டேட்டின் மிகப் பலவீனமான அம்சத்தைத் தலைப்பாகக் கொண்ட பிட்ச்.

மூன்றும் தெரியாதவரை பிட்ச் வைக்காதீர்கள். அதுவரை நண்பர்கள், குடும்பத்தாரோடு தொடர்புகொள்ளும் 25 மணித் தேர்வைப் பயன்படுத்துங்கள். செல்வாக்கும் ஏறும், உந்துதல்களும் தெரியவரும். மணிநேரத் திட்டம் அடுத்த வாரத்துக்கும் அப்படியே தொடரும் என்பதால், ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பெயரையும் திறந்து பார்த்து, மூன்று குறியும் பச்சையான அன்றே மாற்றிவிட வேண்டும். ஸ்வே என்ற 30 மணித் தேர்வு மாணவரின் விருப்பத்தையே மாற்ற முயல்வது. சிறிய கல்லூரிக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

ஹடில்:

பழைய_பிளேபுக் சொன்னதோடு வளாக வருகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி மூன்றில் நீங்கள் தோற்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணமாக இருக்கலாம். மாணவரின் பட்டியல் ஐந்து கல்லூரிகளாகச் சுருங்கியதும் அவரை அழைக்கலாம். சொந்த மைதானத்தில் ஆடும் வாரத்துக்கு மட்டுமே அழைக்க முடியும். ஒரு வாரத்தில் நான்கு பேர் வரலாம். அந்த ஆட்டத்தில் வென்றால் செல்வாக்கு கூடும். அணியில் ஒரே பொறுப்பில் ஆடும் இருவரை ஒரே வாரத்தில் அழைத்தால் இருவரும் ஒருவருக்கொருவர் போட்டியாளராகத் தோன்றுவார்கள். குவார்ட்டர்பேக்கையும் ரிசீவரையும் சேர்த்து அழைத்தால் இருவருக்குமே நல்லது.

இதற்காக ஆட்ட அட்டவணையைத் திருத்துங்கள். 2024 அட்டவணையில் கென்ட் ஸ்டேட் டென்னசிக்கும் பென் ஸ்டேட்டுக்கும் போய் ஆட வேண்டியிருந்தது. நிஜத்தில் முதலாவதில் 71-0, இரண்டாவதில் 56-0 என்று தோற்றார்கள். நிஜக் கல்லூரிக்கு அத்தகைய ஆட்டங்களால் பணம் வருகிறது. டைனஸ்டியில் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சீசன் தொடங்குமுன் கான்ஃபரன்ஸுக்கு (உங்கள் கல்லூரி இருக்கும் குழுவுக்கு) வெளியே உள்ள ஆட்டங்களை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், வெல்லக்கூடிய அணிகளை உங்கள் சொந்த மைதானமான டிக்ஸ் ஸ்டேடியத்துக்கு வரவழைத்து, முக்கியமான மாணவர்களை அந்த வாரங்களுக்கு அழையுங்கள்.

கோல்டன்_ஃப்ளாஷ்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவாக வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஹாஃப்பேக் விஷயம் மட்டும் மிச்சம். அவரை இழந்தால் என் ஓட்டத் தாக்குதலே இல்லாமல் போய்விடும். வேறொரு சேமிப்பில் ஆரம்பிப்பதற்கும் மனமில்லை.

பழைய_பிளேபுக்:

டீல்பிரேக்கரை மாணவரின் குறைந்தபட்ச நிபந்தனை என்று கொள்ளுங்கள். மற்ற 13 அம்சங்களில் நீங்கள் உச்சத்தில் இருந்தாலும், அந்த ஒன்றில் அவர் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அவர் வெளியேறும் வாய்ப்பு அதிகம். நீங்கள் எல்லா ஆட்டத்திலும் அவருக்குப் பந்தைக் கொடுத்தது அவருடைய விளையாடும் வாய்ப்பை நிறைவு செய்தது. அவர் கேட்டதோ என்எஃப்எல்லுக்குச் செல்லும் வழி. என்எஃப்எல் அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் உங்கள் ஆட்டக்காரர்கள் இடம்பெறத் தொடங்கினால்தான் அந்த மதிப்பெண் உயரும்; அதற்குச் சில சீசன்கள் ஆகும்.

2013-இல் வந்த முந்தைய விளையாட்டான என்சிஏஏ ஃபுட்பால் 14-ஐ ஆடிப் பழகியவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றும். இடையில் நிஜக் கல்லூரிக் கால்பந்தே மாறிவிட்டது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. முதல் முறை கல்லூரி மாறுபவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் 2021-இல் நீங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்கும் உரிமையும் வந்தது. கென்ட் ஸ்டேட் இடம்பெறும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் போன்ற இடங்களில் வளர்ந்த ஆட்டக்காரரைப் பெரிய கல்லூரி அழைத்துக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் அந்த வலியை மறைக்காமல் வைத்தது எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. சிறிய அணியை எடுத்து நடத்துவதன் பெருமை அதனால்தான் கூடுகிறது.

இனி ஆள்சேர்ப்பின்போதே டீல்பிரேக்கரைப் பாருங்கள். விளையாடும் வாய்ப்பு, வீட்டுக்கு அருகாமை ஆகியவற்றை டீல்பிரேக்கராகக் கொண்டவர்கள் உங்களுக்கு ஏற்றவர்கள். தொழில்முறை வாய்ப்பையோ சாம்பியன்ஷிப்பையோ கேட்பவர்களைச் சேர்த்தால் அவர்கள் நன்றாக ஆடும் ஆண்டிலேயே கிளம்புவார்கள்.

ஹடில்:

இந்த ஹாஃப்பேக்குக்கு உடனடி வழி ஒன்று உண்டு. ஆஃப்சீசனில் ஆட்டக்காரர்கள் வெளியேறும் கட்டத்தில் அவர்களைத் தங்கும்படி வற்புறுத்தும் வாய்ப்பு வரும். வெற்றி வாய்ப்பும் அங்கே தெரியும். உங்கள் முயற்சிகளை அவருக்கே முதலில் பயன்படுத்துங்கள், மாற்று ஆட்டக்காரர் உள்ள இடங்களுக்கு வீணாக்காதீர்கள். அதற்குப் பின் வரும் போர்ட்டல் வாரங்களில் வேறு கல்லூரிகளில் வாய்ப்புக் கிடைக்காத ஹாஃப்பேக்குகளைத் தேடுங்கள். விளையாடும் வாய்ப்பை டீல்பிரேக்கராகக் கொண்டு வெளியேறியவருக்கு உங்கள் அணியில் காலி இடமே பெரிய கவர்ச்சி. அணியில் 85 பேருக்குமேல் வைக்க முடியாது என்பதால் சேர்க்கும்போது எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோல்டன்_ஃப்ளாஷ்:

இப்போதுதான் அந்தக் கட்டத்தைக் கடந்தேன். வற்புறுத்தல் பலிக்கவில்லை, ஹாஃப்பேக் போய்விட்டார். ஆனால் போர்ட்டலில் நீங்கள் சொன்னதுபோலவே விளையாடும் வாய்ப்பு கேட்கும் ஒருவர், ஒஹையோக்காரரே, கிடைத்திருக்கிறார்; அவருடைய மூன்று உந்துதல்களில் இரண்டு பச்சையாகிவிட்டன. மூன்றாவது தெரியும்வரை 25 மணியிலேயே தொடர்வதா, சாஃப்ட் செல்லுக்கு மாறுவதா?

பழைய_பிளேபுக்:

போர்ட்டலில் நான்கு வாரங்கள்தான் உள்ளன என்பதால் காத்திருக்க நேரமில்லை. அந்த இரண்டு பச்சைகளும் அடங்கிய பிட்ச் இருந்தால், மூன்றாவதாக உள்ள அம்சத்தில் உங்கள் மதிப்பெண்ணைப் பாருங்கள். அது பி அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வாரமே ஹார்டு செல் வையுங்கள். கீழே என்றால் 20 மணி சாஃப்ட் செல்லோடு மீதியை நேரடிச் செய்திக்கு ஒதுக்குங்கள். ஸ்காலர்ஷிப்பை முதலில் அறிவிக்க மறக்காதீர்கள்.