புதுப்பிப்பு: சின்னத் தீவைச் சுற்ற நடையா, சைக்கிளா?

ஒரு சின்னக் கிராமத்துத் தீவை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க நடை நல்லதா, சைக்கிள் நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. இரண்டும் வேண்டும்.

கடலோரச் சாலைக்குச் சைக்கிள்தான். ஆனால் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெயில் ஏறி நிலம் சூடேறச் சூடேறக் கடல்காற்று வலுக்கும். பிற்பகலில் அதை எதிர்த்து மிதிப்பது மேடேறுவதைவிட மோசம். மேடாவது ஓரிடத்தில் முடியும்! எதிர்காற்றுப் பக்கத்தைக் காலையிலேயே முடித்துவிட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

மணலுக்காக டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஓரளவு உதவியது. கடல் உள்வாங்கிய நேரத்து ஈரமணல் அதைவிட நல்ல பாதை. அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

வரப்பு, ஒற்றையடிப் பாதை எல்லாம் நடைதான். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழியில் நின்று பேசுகிற ஆளுக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

அப்புறம், செயின் துருப்பிடிக்குமா என்று கேட்டவருக்கு: பிடிக்கும். அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள்.