ஜென் வண்டியில் சூடானதும் பிரேக் மிதி உள்ளே போகிறது, மாஸ்டர் சிலிண்டர் மாற்றியும் தீரவில்லை, உதவுங்கள்

முட்டம் ஜென் 97:

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 1997 மாருதி ஜென், கார்புரேட்டர், 993 சிசி. அப்பா ஆசையாக வாங்கி ஓட்டியது, இப்போது என் கையில். வீடு முட்டத்தில், கடல் கூப்பிடு தூரம். தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருவது இதில்தான், போன மாதம் முதல்முறையாகக் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கும் இதிலேயே போனேன், 400 கி.மீ.க்கு மேல் ஓட்டிப் போய், அங்கே ஓட்டி, அதே வண்டியில் திரும்பினேன்.

பிரச்சினை அங்கேதான் தெரிந்தது. முதல் நாலு சுற்று நன்றாக இருந்தது. ஐந்தாவது சுற்றில் நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு முன் மிதித்தால் மிதி பஞ்சு போல உள்ளே போகிறது, இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்த பிறகுதான் பிடித்தது. வண்டியை ஓரம்கட்டி விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மிதி பழையபடி இறுக்கம்.

ஊருக்கு வந்து பட்டறையில் காட்டினேன், மாஸ்டர் சிலிண்டர் (மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) போய்விட்டது என்று மாற்றினார்கள். போன ஞாயிறு பேச்சிப்பாறை போய்விட்டுக் குலசேகரம் இறங்கும்போது மறுபடியும் அதே பஞ்சு மிதி. அம்மா வண்டியில் இருந்தார்கள், பயந்துவிட்டேன். அப்புறம், மைலேஜும் 16-லிருந்து 13-க்கு வந்திருக்கிறது, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

மார்த்தாண்டம் கியர்:

மக்கா, கம்பெனியில் வந்த ஸ்டாக் பிரேக்கை வைத்து டிராக்கில் ஓட்டினால் இப்படித்தான். பெரிய டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்க ரேஸ் பேடு போடு, பிரேக் ஆயிலை டாட் 5 ரகமாக்கு. வேலை முடிந்தது.

தக்கலை பட்டறை:

கியர் தம்பி, கோபிக்க வேண்டாம், அந்த டாட் 5 யோசனையை யாரும் செய்துவிடாதீர்கள். டாட் 5 சிலிக்கான் ஆயில், டாட் 3, டாட் 4 ஓடிய வண்டியில் அது கலக்கவே கூடாது. நீங்கள் நினைத்தது டாட் 5.1 ஆக இருக்கும், அது வேறு, அது டாட் 4 குடும்பம். பேடு விஷயமும் அப்படித்தான். ரேஸ் பேடு சூடானால்தான் பிடிக்கும், காலையில் பச்சைத் தண்ணீராக இருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு மணவாளக்குறிச்சி ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தால் என்ன செய்வது?

முட்டம் தம்பிக்கு முதலில் ஒன்று. பேடு சூடாகி வழுக்கினால் மிதி கல் மாதிரி இறுகி நிற்கும், வண்டிதான் நிற்காது. உங்களுக்கு மிதியே உள்ளே போகிறது, ஆறினால் சரியாகிறது. அது ஆயில் கொதிக்கிறது என்பதன் அடையாளம். ஆயில் அமுங்காது, ஆனால் கொதித்து வரும் ஆவி அமுங்கும், ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், அதனால்தான் பட்டறையில் பார்க்கும்போது குறை தெரிவதில்லை. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் அதன் தர அளவு. டாட் 4-க்கு அது 230, 155. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உங்களுக்குக் கடல் காற்று வேறு.

மூன்று கேள்வி. மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போது ஆயிலை முழுக்க மாற்றினார்களா, ஏர் மட்டும் எடுத்தார்களா? வந்த ஆயில் என்ன நிறம்? ஓடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா?

முட்டம் ஜென் 97:

அண்ணா, நன்றி. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆயிலில் குமிழி நின்றதும், அது வெளியே வரும் நிப்பிளை மூடிவிட்டார்கள். வந்த ஆயில் கட்டன்சாயா நிறம். இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும், ஆனால் அது கரிக்குப் போன அன்றுதான் கவனித்தேன், ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர் வரை காற்றாலைப் பக்கம். அன்றைக்கு நல்ல காற்று, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தக்கலை பட்டறை:

போகும்போதா, வரும்போதா?

முட்டம் ஜென் 97:

இரண்டு தடவையும்.

தக்கலை பட்டறை:

அப்படியானால் காற்று இல்லை தம்பி. இந்த மாதங்களில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வள்ளியூர் பக்கம் வடக்கே போகும்போது அது வண்டியை வலது பக்கம்தான் தள்ளும், திரும்பி வரும்போது மட்டும் இடது. இரண்டு வழியிலும் இடது என்றால் முன் இடது சக்கரம் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, அந்தச் சூட்டில்தான் ஆயில் கொதிக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். மைலேஜ் குறைந்ததும் அதனால்தான் இருக்கும்.

விடியற்காலை ஆளில்லாத ரோட்டில் 10 கி.மீ. ஓட்டுங்கள், முடிந்தவரை பிரேக்கைத் தொடாதீர்கள். கடைசியில் நியூட்ரலில் உருட்டி நிறுத்தி நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு பட்டுவிடும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர உதவும் பின் இரண்டும் கையால் நகர்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உப்பு உள்ளே போய் அந்தப் பின் துருவேறி இறுகும், குளச்சல், முட்டம் வண்டிகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முட்டம் ஜென் 97:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே. முன் இடது சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று ஆவியானது, மற்ற மூன்றும் கை வைக்கும் சூடுதான். கழற்றினால் கீழ்ப் பின் அசையவே இல்லை, பூட் கிழிந்து உள்ளே செம்மண் மாதிரி துரு. உள் பேடு 2 மில்லிமீட்டர், வெளிப் பேடு 7. இத்தனை நாள் இதில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

தக்கலை பட்டறை:

புதுப் பின், பூட், பிஸ்டன் சீல் கிட் போடுங்கள், வலது பக்கமும் சேர்த்து. பேடு இரண்டு பக்கமும் புதிது. பின்னுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். ஆயில் டாட் 4 போதும், நாலு சக்கரத்திலும் தெளிவாக வரும்வரை எடுங்கள். ஹோஸ் பழசு என்றால் அதையும் மாற்றிவிடுங்கள், உள்ளே உப்பி அடைத்த ஹோஸும் இப்படிப் பிடித்து வைக்கும். டிராக்கில் கடைசிச் சுற்றை பிரேக் போடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள், சூட்டோடு ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், கியரில் விட்டுக் கட்டை வைத்தால் போதும்.

மார்த்தாண்டம் கியர்:

டாட் 5 விஷயம் நான் சொன்னது தவறு, திருத்தியதற்கு நன்றி அண்ணா. என் வண்டியிலும் நாளைக்கே காலிப்பர் பின்னைப் பார்க்கிறேன்.

முட்டம் ஜென் 97:

எல்லாம் மாற்றியாயிற்று, ஹோஸ் உட்பட. நேற்றுப் பேச்சிப்பாறை போய் அதே இறக்கத்தில் இறங்கினேன், மிதி கடைசிவரை ஒரே உயரம். இன்று காலை வள்ளியூர் வரை போனேன், காற்று பலமாகத்தான் இருந்தது, வண்டி வலது பக்கம் தள்ளியது, திரும்பும்போது இடது. பின் சக்கர பிரேக் டிரம் இரண்டும் இன்னும் திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை திறந்து உள்ளே இருக்கும் பிரேக் ஷூவைப் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா.